இரண்டு நடனப் பள்ளிகளுக்கு நடுவே ஒரு பிள்ளை: பாலே, நவீன நடனப் போட்டியில் பெற்றோரும் மாணவரும் நடந்துகொள்ளும் முறை

சனிக்கிழமை காலையில் ஹட்டனிலிருந்து கண்டிக்குப் புறப்படும் பஸ்ஸில் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெண்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையில் பாலே வகுப்புக்கான மென்மையான சப்பாத்து இருக்கிறது. அதற்குப் பிறகு இன்னொரு மண்டபத்தில் வெறுங்காலுடன் ஆடும் நவீன நடன வகுப்புக்கான கறுப்புக் காற்சட்டையும் இருக்கிறது. கிழமை நாட்களில் அவள் பாடசாலையில் பரதம் பழகுகிறாள். மூன்றும் சுமுகமாகப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு நாள் பாலே ஆசிரியை, "அங்கே போவதானால் இங்கே வர வேண்டாம்" என்கிறார். அடுத்த மண்டபத்து ஆசிரியரோ, "அங்கே பழகியதை மறந்துவிட்டு வா" என்கிறார். வீட்டில் தகப்பனுக்கு இரண்டு வகுப்புகளின் கட்டணமும் தெரியும். சண்டையின் காரணம் மட்டும் தெரியாது.

பாடசாலையில் பரதம் கற்பிக்கும் எனக்கு இந்த இரண்டு பக்கமும் உறவில்லை. அதனாலோ என்னவோ, இப்படி அகப்பட்ட பெற்றோர் பலர் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இந்தச் சண்டைக்குள் இரண்டு சண்டைகள் கலந்து கிடக்கின்றன என்பதைத்தான். ஒன்று உடம்பைப் பற்றியது: முதுகு நிமிர வேண்டுமா வளைய வேண்டுமா, பாரம் மேலே எழ வேண்டுமா நிலத்தில் இறங்க வேண்டுமா என்பது. அது உண்மையான வேறுபாடு. ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. மற்றையது மண்டபம், பணம், பிள்ளைகளின் எண்ணிக்கை, சான்றிதழ் ஆகியவற்றைப் பற்றியது. அதற்குள் பிள்ளையை நுழையவிடக் கூடாது. இனிவரும் பகுதி முழுவதும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கான வழிமுறைதான்.

பலகையில் எழுதியிருக்கும் சொல்லை முதலில் விசாரியுங்கள்

இலங்கையில் "பாலே" என்ற சொல் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களில் வழங்குகிறது. ஐரோப்பிய அரசவைகளில் வளர்ந்து, கம்பியைப் பிடித்து நின்று ஐந்து கால்நிலைகளில் தொடங்கும் கலை ஒன்று. கண்டிய நடன உடம்பைக் கொண்டு, வசனமில்லாமல் கதை சொல்லும் சிங்கள மேடை நாடகத்தையும் பாலே என்றே அழைக்கிறார்கள். சிங்கள நடனக் கலைஞர் சித்ரசேனா 1961 இல் மேடையேற்றிய 'கரதிய' அந்த வகையில் புகழ்பெற்றது. நம்மவர் சிலர் நாட்டிய நாடகத்தையும் இதே பெயரால் குறிப்பிடுவதுண்டு. "மொடர்ன் டான்ஸ்" என்ற பலகையின் நிலைமை இன்னும் மோசம். மலையக நகரங்களில் அந்தப் பலகையின் கீழ் நடப்பது பெரும்பாலும் சினிமாப் பாட்டுக்கு அமைக்கப்பட்ட ஆட்டம். அதில் குற்றமில்லை, பிள்ளைகள் மகிழ்ச்சியாக ஆடுகிறார்கள். ஆனால் அமெரிக்க நவீன நடன முன்னோடிகளான மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, மேர்ஸ் கனிங்ஹாம் ஆகியோர் உருவாக்கிய பயிற்சி முறைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே சேர்க்கும் முன்னர் ஆசிரியரிடம், "நீங்கள் யாரிடம் பழகினீர்கள், எந்த முறையைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பரதத்தில் பந்தநல்லூரா, வழுவூரா, கலாக்ஷேத்திராவா என்று பாணியை விசாரிப்பது நமக்குப் புதிதன்று. அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம். பாலேக்குள்ளும் வகானோவா, செக்கெற்றி, லண்டன் ரோயல் அக்கடமி எனப் பல முறைகள் உண்டு. அவற்றுக்கிடையிலும் கைகளை வைக்கும் விதத்தில் தொடங்கி ஓயாத வாக்குவாதங்கள் உண்டு. நேர்மையான ஆசிரியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தன் ஆசிரியரின் பெயரைச் சொல்வதில் அவருக்கு மகிழ்ச்சியே இருக்கும்.

சண்டை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதி சற்று நீளும். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பெற்றோர் மற்றவர்களைவிட நிதானமாகப் பேசுவதைக் கண்டிருக்கிறேன்.

பாலே தொடக்கத்திலிருந்தே நிறுவனமாக வளர்ந்த கலை. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னன் 1661 இல் நடனத்துக்கென ஓர் அரச கழகத்தை அமைத்தான். பரிஸ் ஒபெராவின் நடனப் பள்ளி 1713 இலும், ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் பள்ளி 1738 இலும் தோன்றின. ஆசிரியர் மறைந்தாலும் பாடத்திட்டமும் கட்டடமும் நின்றன. நவீன நடனமோ அந்தப் பள்ளிகளுக்கு எதிராகச் சப்பாத்தைக் கழற்றி எறிந்தவர்களிடமிருந்து வந்தது. இசடோரா டங்கன் அந்த வழியில் முன்னே நடந்தவர். பிறகு 1915 இல் ரூத் சென் டெனிஸும் டெட் ஷோனும் லொஸ் ஏஞ்சலிஸில் டெனிஷோன் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே பழகிய மார்த்தா கிரஹாம் 1923 இல் வெளியேறி, 1926 இல் தமது சொந்தக் குழுவை அமைத்தார். குருவிடமிருந்து பிரிந்து தனிவழி காண்பதே இந்தக் கலையில் பரம்பரை ஆகிவிட்டது. எனவே நவீன நடனப் பள்ளிகள் பெரும்பாலும் ஒருவருடைய பெயரையும் உடம்பையும் நம்பி நின்றன; அந்த ஒருவர் சோர்ந்தால் பள்ளியும் சோர்ந்தது. கட்டடமும் நன்கொடையாளரும் உள்ள பாலே பள்ளிகளைப் பார்க்கும்போது அவர்களுக்கு எழுந்த ஆதங்கத்தை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

1934 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பாலே அமைப்பாளர் ஜோர்ஜ் பலன்சீனும் கலைப் புரவலர் லிங்கன் கேர்ஸ்டீனும் நியூயோர்க்கில் அமெரிக்க பாலே பள்ளியைத் திறந்தார்கள். அதே ஆண்டின் கோடையில் வெர்மண்ட் மாநிலத்து பெனிங்டன் கல்லூரியில் மார்த்தா ஹில் என்னும் ஆசிரியை நவீன நடனத்துக்கான கோடைப் பள்ளியைத் தொடங்கி, கிரஹாமையும் ஹம்ஃப்ரியையும் ஒரே வளாகத்துக்கு அழைத்தார். ஒரே ஆண்டில் இரண்டு அடுப்புகள் மூட்டப்பட்டன. 1951 இல் நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரி நடனப் பிரிவொன்றைத் தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்க வந்தவரும் மார்த்தா ஹில்தான். அவர் செய்த காரியம் அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது: பாலேக்கு அன்டனி டியூடர், நவீன நடனத்துக்குக் கிரஹாம், ஹம்ஃப்ரி, ஹம்ஃப்ரியின் மாணவர் ஹோசே லிமோன் என்று எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, மாணவர் இரண்டையும் பழக வேண்டும் என்றார். காலையில் நிமிர்ந்த முதுகு பிற்பகலில் வளைந்தது. ஆனாலும் அந்தப் பிரிவு நிலைத்தது.

அமெரிக்காவில் மோதல் முற்றியது பணமும் இடமும் வந்தபோதுதான் என்பதைக் கவனியுங்கள். 1963 இல் போர்ட் அறக்கட்டளை நடனத்துக்கென ஏறக்குறைய 77 இலட்சம் டொலரை ஒதுக்கியது. முழுவதும் பாலே நிறுவனங்களுக்கே போயிற்று. அதிலும் பலன்சீனின் குழுவும் பள்ளியும் பெரும்பங்கைப் பெற்றன. நவீன நடனக்காரருக்கு ஒரு சதமும் இல்லை. பின்னர் லிங்கன் சென்ரர் என்னும் பெரிய கலை வளாகத்தில் ஜூலியார்ட்டுக்குப் புதிய கட்டடம் எழுந்து, 1969 இல் கல்லூரி அங்கே குடிபுகுந்தபோது, அமெரிக்க பாலே பள்ளியும் அதே கட்டடத்துக்குள் வந்தது. எத்தனை கூடம் யாருக்கு என்பதற்காக மட்டுமன்றி, தமது பிரிவு இருக்குமா இல்லாமற் போகுமா என்பதற்காகவும் மார்த்தா ஹில் போராட வேண்டியிருந்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை, 1985 வரை அந்தப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார்.

இதே காலத்தில் ஆடுபவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1959 இல் வெபர்ன் என்னும் இசையமைப்பாளரின் இசைக்கு 'எப்பிசோட்ஸ்' என்ற படைப்பைக் கிரஹாமும் பலன்சீனும் ஆளுக்கொரு பாதியாக அமைத்தார்கள். கிரஹாமின் குழுவைச் சேர்ந்த போல் டெய்லர், பலன்சீன் அமைத்த பகுதியில் தனியாக ஆடினார். பலன்சீனின் குழுவைச் சேர்ந்த சலி வில்சன், கிரஹாமின் பகுதியில் ஆடினார். கிரஹாமின் குழுவில் வளர்ந்த கனிங்ஹாம், அதற்கும் முன்னர் 1947 இலேயே பலன்சீனின் பாலே சங்கத்துக்கு ஒரு நடனம் அமைத்துக் கொடுத்திருந்தார். உடம்புகள் எல்லை தாண்டிக்கொண்டுதான் இருந்தன. ஜேர்மனியில் இது இன்னும் முன்னதாகவே நடந்தது: 1927 இல் எசன் நகரில் தொடங்கிய போல்க்வாங் பள்ளியில் குர்ட் யோஸ் பாலேயையும் நவீன நடனத்தையும் ஒரே பாடத்திட்டத்தில் வைத்தார். அந்தப் பள்ளியில் பழகி, பிறகு ஜூலியார்ட்டில் டியூடரிடமும் பழகச் சென்றவர்தான் புகழ்பெற்ற ஜேர்மன் நடன அமைப்பாளர் பீனா பௌஷ்.

பரத ஆசிரியர்களாகிய நாமும் ஒதுங்கி நின்று சிரிக்க முடியாது. ருக்மிணி தேவி பரதத்துக்கு வருமுன்னர், ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலால் அவரது குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பழகியவர். அவர் 1936 இல் நிறுவிய கலாக்ஷேத்திராவில் பயின்று வந்தவர்களிடம் பழகிய ஆசிரியர்கள் வடக்கிலும் மலையகத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். "பாலே பழகினால் பரதம் கெட்டுவிடும்" என்று ஓர் ஆசிரியை சொல்லும்போது இந்தச் சங்கதியை நான் மெல்ல நினைவூட்டுவதுண்டு. நல்ல வரவேற்பு எப்போதும் கிடைப்பதில்லை.

வகுப்பில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பாருங்கள்

சேர்க்கும் முன்னர் ஒரு வகுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க அனுமதி கேளுங்கள். ஆண்டுவிழா நிகழ்ச்சியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மேடையில் உடையும் வெளிச்சமும் பாதிக் குறையை மறைத்துவிடும்.

பாலே வகுப்பில் முதலில் கவனிக்க வேண்டியது கால்களின் திருப்பம். கால்கள் இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். ஆசிரியர் பாதங்களை மட்டும் பிடித்துத் திருப்பி, முழங்கால்கள் முன்னே பார்த்தபடி நின்றால், பாரமெல்லாம் முழங்காலின் உட்புறத்தில் இறங்கும். முழங்காலை மடக்கும்போது அது பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள்; ஆசிரியர் அதைத் திருத்துகிறாரா என்றும் பாருங்கள். முழங்கால்களை வெளிப்புறமாக மடக்கி நிற்கும் பரதத்தின் அரைமண்டியில் நாங்கள் கவனிப்பதும் இதையேதான். இரண்டாவது, நுனிவிரலில் நிற்கும் கடினமான சப்பாத்து. கணுக்காலும் முதுகும் வலுப்பெற்று, சில ஆண்டுகள் முறையாகப் பழகிய பிறகே, பொதுவாக 11, 12 வயதுக்குப் பின்னரே அதைப் போடலாம். ஏழு வயதுப் பிள்ளையைப் படம் எடுப்பதற்காக அந்தச் சப்பாத்தில் ஏற்றும் வகுப்பு எவ்வளவு அழகான மண்டபத்தில் நடந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

நவீன நடன வகுப்பில் பார்க்க வேண்டியது வேறு. கிரஹாம் முறையில் வகுப்பு நிலத்தில் அமர்ந்தபடி தொடங்கும். மூச்சை வெளியேற்றி, இடுப்பெலும்பைச் சுருக்கி, முதுகை வளைத்து, மீண்டும் விரிப்பது அதன் உயிர்நாடி. ஹம்ஃப்ரி, லிமோன் வழியில் விழுவதும் எழுவதும், உடம்பின் பாரத்தை ஊஞ்சல்போல ஆடவிடுவதும் முக்கியம். கனிங்ஹாம் முறையில் கால்கள் பாலேயைப் போலவே துல்லியமாக வேலை செய்ய, முதுகு தனியாகத் திரும்பவும் சாயவும் பழகும். இவற்றில் ஏதோ ஓர் ஒழுங்கு தெரிய வேண்டும். "மனம்போல் அசையுங்கள்" என்று பாட்டைப் போட்டுவிட்டு ஆசிரியர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது பயிற்சி ஆகாது. விழச் சொல்லிக்கொடுப்பவர், முழங்காலும் முழங்கையும் நிலத்தில் அடிபடாமல் விழும் விதத்தையும் சொல்லிக்கொடுக்கிறாரா என்பதே நான் அங்கே பார்க்கும் முதற் சோதனை.

எல்லா வகுப்புக்கும் பொதுவானது தரை. மலையகத்தில் பெரும்பாலான மண்டபங்கள் சீமெந்துத் தரை அல்லது மாபிள் பதித்தவை. பாலேயின் துள்ளல்களும் நவீன நடனத்தின் விழுதல்களும் அந்தத் தரைக்கு ஏற்றவை அல்ல. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வரும் நோவுக்குக் கடினமான தரையும் ஒரு காரணம். மரச் சட்டங்களை அடுக்கி, கீழே ரப்பர்த் துண்டுகளை வைத்து, மேலே தடித்த பிளைவூட் பலகைகளைப் பொருத்தினால், வேண்டியபோது கழற்றி எடுக்கக்கூடிய தளம் கிடைக்கும். ஒரு தச்சரும் சில பெற்றோரும் சேர்ந்தால் ஆகக்கூடிய வேலை அது. அதுவரை சீமெந்தில் துள்ளல்களைக் குறைக்கச் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் ஈரம் கசிந்து வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குளிரும் ஒரு பாடம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரிக் காலையில் அங்கே ஒரு பிள்ளையை நேராகக் கம்பியில் நிறுத்திக் காலைத் தூக்கச் சொல்வது தசைக்குச் செய்யும் அநியாயம். கொழும்பு ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் முடிக்கும் உடற்சூட்டை இங்கே பதினைந்து, இருபது நிமிடம் நீட்ட வேண்டும். அதுவரை கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொல்லக் கூடாது.

சான்றிதழைப் பற்றித் தெளிவாக இருங்கள்

பள்ளிகளின் போட்டி அதிகமாக வெளிப்படுவது இங்கேதான். "எங்கள் சான்றிதழ் சர்வதேசச் சான்றிதழ்" என்ற பேச்சைக் கேட்டு மயங்க வேண்டாம். அது எந்தக் கதவைத் திறக்கும் என்று கேளுங்கள்.

லண்டனில் 1920 இல் தோன்றிய ரோயல் அக்கடமியின் தரப் பரீட்சைகள், வெளிநாட்டில் பாலேயைத் தொடர விரும்பும் பிள்ளைக்கும், பின்னாளில் பாலே கற்பிக்க விரும்புபவருக்கும் உதவும். நவீன நடனத்தின் தனிமனிதப் பள்ளிகள் பெரும்பாலும் இப்படிப் படிப்படியான பரீட்சைகளை வைத்து வளர்ந்தவை அல்ல; அங்கே ஒருவருடைய தகுதியை அவர் யாரோடு எத்தனை ஆண்டு ஆடினார் என்பதைக் கொண்டுதான் மதிப்பார்கள். இரண்டும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் உங்கள் பிள்ளைக்குப் பாடமாகாது. தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவருக்கு அங்கே இருப்பது நடனம் (பரதம்). எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. உயர்தரத்திலும் அதைத் தொடர்ந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட நுண்கலை வளாகத்துக்கோ, மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போகலாம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளில் படிப்படியாகத் தேறினால் கலாவித்தகர் பட்டம் வரை செல்லலாம். நம் பகுதியில் தனியார் வகுப்பு நடத்தும் பலருடைய பெயருக்கு முன்னால் இருப்பது அந்தப் பட்டம்தான்.

ஆகவே, அரச வேலையும் ஆசிரியத் தொழிலும் குறிக்கோளாக உள்ள குடும்பம், பாலேக்காகவோ நவீன நடனத்துக்காகவோ பரதத்தைக் கைவிடுவது இன்றைய நிலையில் புத்திசாலித்தனம் அன்று. இது என் பக்கச்சார்பு என்று யாராவது சொன்னால், பாதி ஒப்புக்கொள்வேன்.

இரண்டிலும் பழகுவதானால்

பத்து வயதுக்கு முன் ஒன்றே போதும். எதுவானாலும் நல்ல ஆசிரியரிடம் போகட்டும். அதன் பிறகு இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். ஒரே நாளில்தான் முடியும் என்றால், பாலேயை முதலில் வையுங்கள்: துல்லியம் கேட்கும் வேலைக்குச் சோர்வில்லாத உடம்பு வேண்டும். பிறகு நவீன நடனத்தில் பாரத்தை விட்டுவிடும் அசைவுகளுக்கு உடம்பு எளிதில் இணங்கும். தூரத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டையும் ஒரே சனிக்கிழமையில் முடிப்பதைத் தவிர வழியில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் நடுவில் சோற்றுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள்.

உடம்பு குழம்பும் இடங்களைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பரதத்தின் அரைமண்டியும் பாலேயின் முழங்கால் மடக்கலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் பரதத்தில் அந்த நிலையிலேயே தங்கி ஆட வேண்டும், பாலேயில் அது எழுவதற்கான ஆயத்தம் மட்டுமே. பரதத்தின் அடிப்படை அசைவான தட்டடவில் பாதம் முழுவதும் நிலத்தை ஓசையோடு அறைய வேண்டும். பாலேயில் துள்ளி இறங்கும்போது விரல், உட்பாதம், குதிகால் என்ற வரிசையில் ஓசையில்லாமல் இறங்க வேண்டும். மூன்று நாள் கிரஹாம் முறையில் பழகிய பிள்ளை பரத வகுப்புக்கு வந்தால், முதல் உருப்படியான அலாரிப்பில் முதுகு சற்றே உள்வாங்கி நிற்கும். பரத ஆசிரியைக்கு அது உடனே கண்ணில் படும். இதெல்லாம் கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. இரண்டு மொழி பேசும் பிள்ளை ஒரு மொழியில் மறுமொழியின் சொல்லைத் தவறிப் போடுவது போன்றது. ஆசிரியர் திருத்தினால் சில வாரங்களில் சரியாகும். ஒரு சிறு கொப்பியில் ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் ஆசிரியர் திருத்திய இரண்டு விடயங்களைப் பிள்ளை எழுதிவைக்கட்டும். இரண்டு ஆசிரியர்களும் ஒரே குறையை, உதாரணமாக வலது இடுப்பு தூக்கி நிற்பதை, வெவ்வேறு சொற்களில் சொல்லியிருப்பது சில மாதங்களில் தெரியவரும். அந்தக் கொப்பியைக் காட்டியே நான் ஒரு தாயின் பயத்தைப் போக்கியிருக்கிறேன்.

ஆசிரியர்களிடம் மறைக்க வேண்டாம். மலையக நகரங்கள் சிறியவை. பஸ் நிலையத்தில் பார்த்த ஒருவர் போதும். முதல் மாதக் கட்டணம் கட்டும்போதே தாயோ தகப்பனோ நேரில் போய், "மிஸ், பிள்ளை இன்ன இடத்திலும் பழகுகிறாள். உங்கள் வகுப்பில் அந்த அசைவு வந்தால் கண்டித்துத் திருத்துங்கள். பிறகு உங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தெரிய வேண்டாம் என்றுதான் நாங்களே சொல்ல வந்தோம்" என்று சொல்லிவிடுங்கள். மற்ற ஆசிரியரைப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். அவருடைய வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டால், "பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். பிள்ளை ஒருபோதும் தூது போகக் கூடாது.

ஒரு வகுப்பில் என் மாணவி ஒருத்தியிடம், வேறெங்கும் பழக மாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிடும்படி ஒரு தாளைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தகப்பனுக்கு அது என்ன தாள் என்றே தெரியாது. அப்படி ஒன்று வந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். போட்டிக் காலத்தில் வேறு குழுவுக்கு ஆடக் கூடாது என்று கேட்பது நியாயம். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆறு கிழமை ஒத்திகை பார்த்த ஆசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆண்டு முழுவதும் வேறெங்கும் கற்கவே கூடாது என்பது அப்படியன்று. "போட்டி முடியும்வரை மட்டும்" என்று திருத்தி எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். உடைக்கும் நகைக்கும் முன்பணம் கட்டியிருந்தால் பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரியும்போது பெரும்பாலும் பிரச்சினை அதிலிருந்துதான் கிளம்புகிறது.

வகுப்பு நடத்துபவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஒரே நகரத்தில் இரண்டு வகுப்புகள் இருந்தால் இருவருக்கும் பொதுவான தேவை நல்ல தரை. அந்த மரத்தளத்தைச் சேர்ந்து செய்து, ஒரு மண்டபத்தில் வைத்து, நாட்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள். எந்த நாள் யாருக்கு, சேதமானால் யார் பொறுப்பு, கைப்பிடிக் கம்பியை யார் கழற்றி வைப்பது என்பதையெல்லாம் எழுத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஒரே மேடையில் ஆளுக்கொரு பாதியாக நிகழ்ச்சி அமைத்து, உங்கள் பிள்ளை ஒருவரை மற்ற ஆசிரியரின் பகுதியிலும் அவரது பிள்ளை ஒருவரை உங்கள் பகுதியிலும் ஆடவிட்டுப் பாருங்கள். 1959 இல் கிரஹாமும் பலன்சீனும் செய்ததைக் கண்டியில் செய்ய முடியாது என்று யார் சொன்னது?

நவீன நடன ஆசிரியர்களுக்கு இன்னொன்று. பாரத்தை நிலத்தில் இறக்கி ஆடும் உடம்பைத் தேடி நீங்கள் காணொளிகளைப் புரட்ட வேண்டியதில்லை; மாசி மாதத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டலுக்குப் போங்கள். தப்புப் பறை ஒலிக்க ரதியும் மன்மதனும் முழங்கால் மடக்கி, சுழன்று, இரவெல்லாம் ஆடுவதைப் பாருங்கள். அந்த அசைவுகளை எடுத்து மேடையில் வைக்க விரும்பினால் கூத்து வாத்தியாரிடம் முதலில் கேளுங்கள், நிகழ்ச்சிக்கு அழையுங்கள், அழைப்பிதழில் அவர் பெயரைப் போடுங்கள், தப்படிப்பவர்களுக்குக் கூலியைப் பேசிக் கொடுங்கள்.

ஒன்றை விட வேண்டிய நிலை வந்தால்

எவ்வளவு முயன்றும் சில வேளைகளில் ஒன்றை விடத்தான் வேண்டியிருக்கும். அப்போது எந்த ஆசிரியர் உரக்கப் பேசினார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொப்பியை எடுத்து, கடந்த ஆறு மாதத்தில் எந்த வகுப்பில் திருத்தங்கள் மாறிக்கொண்டு வந்திருக்கின்றன, எந்த வகுப்பில் ஒரே திருத்தம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முழங்காலிலோ இடுப்பிலோ நோவு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த வகுப்பை நிறுத்துவது என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். விலகுவதானால் மாத முடிவில், கட்டணப் பாக்கி இல்லாமல், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு சில்லறை விடயம். வகுப்பு முடியும் நேரத்தையும் உங்கள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸின் நேரத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் முக்கால் மணித்தியாலமாவது இல்லாவிட்டால் அந்த வகுப்பில் சேர்க்க வேண்டாம். அல்லது, இன்னும் மூன்று பிள்ளைகள் அதே பாதையில் வருவார்களா என்று விசாரித்து ஒரு முச்சக்கர வண்டியைப் பேசி வையுங்கள்.